சூட் புளோயரின் சீறல்

நிலக்கரிக் கொதிகலனின் ஓயாத இரைச்சலுக்குள் அவ்வப்போது நீண்ட சீறல் ஒன்று எழும். சூட் புளோயர், அதாவது கரி ஊதி, வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். பெயரில்தான் கரி, பொடித்த நிலக்கரி எரியும் கொதிகலனில் அது துடைப்பது பெரும்பாலும் சாம்பலைத்தான். மாவுபோல் குழாய்களில் படியும் சாம்பல், சூடு மிகுந்த இடங்களில் இளகிப் பாகாய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் போர்வை வெப்பத்தை நீருக்குப் போகவிடாது, வெப்பம் புகையோடு போய்விடும். வெளியேறும் புகையின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் கூடினாலே கொதிகலனின் திறனில் ஏறக்குறைய 1 விழுக்காடு போய்விடும்.

சூட் புளோயரின் ஈட்டிபோன்ற குழாய் மெல்லச் சுழன்றபடி உள்ளே நகர, நுனித்துளைகளிலிருந்து நீராவி பீறிடும். அதற்குமுன் நீராவி வரும் வழியில் தேங்கிய நீரைப் பொறுமையாக வடித்தாக வேண்டும். ஈரம் கலந்த நீராவி கொதிகலன் குழாயையே அரித்துவிடும். மணி பார்த்து எல்லா இடத்தையும் ஊதுவது பழக்கமாகிவிட்ட சோம்பல். சுத்தமான குழாயை ஊதினால் உலோகம் தேயும், நீராவியும் வீண். எந்தப் பகுதி வெப்பம் வாங்கத் தயங்குகிறது என்று அளவிகளில் கண்டு அங்கே மட்டும் ஊதுவதுதான் கைத்திறன். பார்வைத்துளை வழியே நோட்டமிடும் பழகிய கண்ணுக்கும் அதில் பங்குண்டு. சரியாக ஊதினால் செந்தணலாய்ச் சாம்பல் பாளங்கள் பெயர்ந்து, அடித்தொட்டி நீரில் 'சுர்'ரென்று விழுந்து அணையும்.