பின்வாசல்: ஒரு கம்பெனி வீட்டை வாசித்தல்

கடலூர் மஞ்சக்குப்பத்து 'கார்டன் ஹவுஸ்' மாதிரியான வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எழுதிவிடுகிறார்கள்: 'ஆங்கிலேயர் வீடு நம் வெயிலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது.' இந்த வாக்கியத்தில் எழுவாய், வீடு. மாற்றிய கைகள் எங்கே போயின?

விழுப்புரம், திண்டிவனத்துக்காரர்களுக்கு அது அடுத்த ஊர்ச் சங்கதி இல்லை. 1690இல் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைபேசி வாங்கியது செஞ்சியிலிருந்த மராத்தியரிடம்தான். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை எல்லை என்று ஒப்பந்தம். அப்படிப் போன ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. கோட்டைக்கு வெளியே தோட்டத்தோடு எழுந்தது இந்த வீடு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் கம்பெனியின் தலைமை இந்தக் கோட்டைக்கு வந்து 1752வரை இருந்தது. 1758இல் லாலி கோட்டையைப் பிடித்து இடித்தான். பிறகு தோட்ட வீடு கலெக்டர்களின் குடியிருப்பானது. 1993இல் தென்னாற்காடு மாவட்டம் பிரியும்வரை நம்முடைய மனுக்கள் போய்ச் சேர்ந்த ஊர் மஞ்சக்குப்பம்.

சில சுற்றுலாக் குறிப்புகள் கிளைவை 'அப்போதைய மாவட்ட ஆட்சியர்' என்கின்றன. தென்னாற்காடு கம்பெனி ஆட்சிக்குள் வந்ததே 1801இல்; கிளைவ் செத்தது 1774இல். ஆனாலும் அவன் பெயர் நிற்கிறது. கிளிஞ்சல் சுட்டவர், சுண்ணாம்பு அரைத்தவர், அதைச் சுவரில் பூசிக் கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்கிய கொத்தனார் – இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அவர்களுடைய சுண்ணாம்பு மட்டும் 'சுனாம்' என்று ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, 'இது ஆங்கிலேயர் வீடே இல்லை, நம்மவர் கைத்திறன்' என்று பெருமைப்பட்டு முடித்துவிடலாமா? முடியாது. இன்று கலப்புக் கலாச்சாரம் என்று கொண்டாடுகிற சொல்லாடல் சறுக்குவது இங்கேதான். வெயிலுக்காக வராந்தா வந்தது, கூரை உயர்ந்தது, ஒத்துக்கொள்வோம். அதே பங்களாக்களில் குளியலறைக்கு வெளிப்பக்கமாகத் தனிக் கதவு வைத்தார்களே, அது எந்த வெயிலுக்கு? மலம் அள்ளுகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்கான கதவு அது. வேலைக்காரர்களுக்கான பின்படிக்கட்டு அவர்கள் ஊரிலும் உண்டு. அங்கே அது வர்க்கத்தின் படிக்கட்டு. இங்கே வந்ததும் சாதி அதை எடுத்துக்கொண்டது. வெள்ளையன் நம் பருவநிலைக்கு மட்டுமா தக்கபடி நடந்துகொண்டான்? நம் சாதிக்கும்தான்.

இதைப் புரிந்துகொள்ள கடலூர்வரை போகவும் வேண்டாம். நம் பழைய தெருக்களில் வீடுகளின் முதுகுப்பக்கம் ஓடும் ஒடுக்கமான சந்துகளை நான் பார்த்திருக்கிறேன். எடுப்புக் கக்கூசுக்கு ஆள் வந்துபோன வழி. பங்களாவில் கதவாக இருந்தது தெருவில் சந்தாக நீள்கிறது. துரைக்கும் முதலியாருக்கும் நாயக்கருக்கும் கட்டடக்கலை இந்த இடத்தில் ஒன்றுதான். உலர் கழிப்பிடங்களைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று.

பாரம்பரியக் கட்டடம் என்று இப்படிப்பட்ட வீடுகளைப் புதுப்பிக்கிறபோது தூண்களுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். பின்கதவை அடைத்துப் பூசிவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கூடாது. கதவு அப்படியே இருக்கட்டும். இது யார் வந்துபோன வழி, ஏன் தனி வழி என்று பக்கத்திலேயே தமிழில் எழுதி வைக்கட்டும். முன்வாசலில் கிளைவுக்கு ஒரு பலகை வைக்க முடிகிறது இல்லையா?