மனுதாரனும் உரிமையாளனும்: காஃப்காவின் கந்தோர் உலகம்

பிரான்ஸ் காஃப்காவைப் பற்றி முற்போக்கு விமர்சகரிடையே நெடுநாளாக ஒரு சங்கடம் இருந்து வந்திருக்கிறது. நம்பிக்கை வறட்சியின் கலைஞர் என்று அவரை ஒதுக்கியவர் பலர். 1950களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் லூக்காச் காஃப்காவையும் தோமஸ் மானையும் எதிரெதிரே நிறுத்தி, மானின் வழியே யதார்த்தத்தின் வழி எனத் தீர்ப்பளித்தார். 1963இல் செக்கோசிலவாக்கியாவின் லிப்லிசேயில் கூடிய மார்க்சிய அறிஞர் பலர் காஃப்காவை மீண்டும் பரிசீலனைக்கு எடுத்துக் கொண்டனர். மறுபுறத்தில், அவரைக் கொண்டாடியோருள் ஒரு சாரார் அவர் கூறிய ‘சட்டம்’ கடவுளே என்றும், ‘குற்றம்’ ஆதி பாவமே என்றும் வியாக்கியானம் செய்து, அவரை மண்ணிலிருந்தே பெயர்த்தெடுத்து விட்டனர். இச்சர்ச்சைகளிடையே எளிய கேள்வியொன்று பின்தள்ளப்பட்டு விடுகிறது: காஃப்கா பகல் வேளைகளில் என்ன வேலை செய்தார்?

1908 முதல், நோயினால் ஓய்வுபெற்ற 1922 வரை, அவர் பிராக் நகரிலே பொஹீமியாவின் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் சட்டம் கற்ற உத்தியோகத்தராகக் கடமையாற்றினார். அந்நிறுவனம் 1887ஆம் ஆண்டின் ஒஸ்திரியச் சட்டமொன்றினாலே பிறந்தது. அச்சட்டத்திற்கு முன்னர், இயந்திரத்திலே கையை இழந்த தொழிலாளி நட்டஈடு பெற வேண்டுமாயின், முதலாளியின் குற்றத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வழக்காடப் பணமில்லாதவனுக்கு அந்த நீதி எட்டாக்கனியே. புதிய சட்டம் அக்கேள்வியை அகற்றியது. விபத்து வேலையின்போது நிகழ்ந்தது என்பதே போதும்; யார் குற்றவாளி என்று ஆராய வேண்டியதில்லை. காப்புறுதிச் சந்தாவில் பத்தில் ஒன்பது பங்கை முதலாளி செலுத்த வேண்டும். முற்றாக உழைப்பாற்றலை இழந்தவனுக்கு அவனது ஆண்டு வருமானத்தில் 60 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும்.

இது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. “இது ஏன் நிகழ்ந்தது?” என்ற கேள்வி மறைந்து, “எத்தனை சதவீதம் போயிற்று?” என்ற கேள்வி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. விரல், கண், கால் யாவும் உழைப்பாற்றலின் பின்னங்களாயின. காயம்பட்டவன் ஒரு கோவையானான். முதலாளிமாரும் சும்மா இருந்தாரல்லர். தொழிற்சாலையின் ஆபத்து வகுப்புக்கும் கூலித் தொகைக்கும் ஏற்பவே சந்தா விதிக்கப்பட்டது. ஆகவே கூலியைக் குறைத்துக் காட்டுவதும், ஆபத்து வகுப்பை எதிர்த்து முறையிடுவதும் வழக்கமாயின. அம்முறையீடுகளுக்கு மறுப்பெழுதுவது காஃப்காவின் பிரதான வேலைகளுள் ஒன்று.

நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்காக 1910இல் அவர் எழுதிய கட்டுரையொன்று மரஞ்சீவும் இயந்திரங்களைப் பற்றியது. அக்காலத்து இயந்திரங்களிற் பலவற்றின் சுழல்தண்டு சதுர வடிவானது. தண்டுக்கும் மேசைப் பலகைக்கும் இடையே அகன்ற வெளி இருந்தது. மரத்துண்டு ஒருகணம் துள்ளினாலும் விரல்கள் அவ்வெளிக்குள் விழும். கைதேர்ந்த தொழிலாளிக்கும் இதிலிருந்து தப்ப வழியில்லை என்று காஃப்கா எடுத்துக் காட்டினார். உருளை வடிவான தண்டைப் பொருத்தினால் இடைவெளி குறுகும். விரல் அகப்பட்டாலும் சிறு கீறலோடு போய்விடும் என்று படங்களோடு விளக்கினார். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற பழைய சாட்டு இங்கே தகர்ந்து போகிறது. குற்றம் தண்டின் வடிவத்திலே, அதை மாற்ற மறுப்பவரிடத்திலே இருக்கிறது. சட்டம் கேளாது விட்ட “ஏன்?” என்ற கேள்வியைக் காஃப்கா தமது கந்தோர் மேசையிலிருந்து மீண்டும் எழுப்பினார் எனலாம்.

இதனை மனத்திற்கொண்டு அவருடைய கதைகளைப் படித்தால், அவற்றின் மங்கலான மூலைகள் தெளிவடைகின்றன. 1913இல் வெளிவந்த ‘நெருப்பிடுவோன்’ கதையிலே, கப்பலின் கொதிகலனுக்கு நெருப்பிடும் தொழிலாளி தனது மேலதிகாரியின் கொடுமையை முறையிடக் கப்பற் தலைவனின் அறைக்குச் செல்கிறான். கார்ல் என்ற இளைஞன் அவனுக்காகப் பரிந்து பேசுகிறான். தொழிலாளிக்கோ தன் குறையைக் கோவைப்படுத்திச் சொல்லத் தெரியவில்லை, சொல்லச் சொல்ல முறையீடு சிக்கலாகிறது, கேட்போர் சலிப்படைகின்றனர். அவ்வேளையில் அங்கிருந்த செனட்டர் ஒருவர் கார்லின் மாமன் எனத் தெரியவருகிறது. அத்துடன் தொழிலாளியின் விவகாரம் கரைந்து போகிறது. இது நீதியின் விஷயமாயிருக்கலாம், ஆனால் ஒழுங்கின் விஷயமுமாகும் என்ற கருத்திலே செனட்டர் பேசி முடிக்கிறார். முறையீடு பொய்யென்று எவரும் நிரூபிக்கவில்லை. அது கைவிடப்பட்டது, அவ்வளவே. முறையீடுகள் எவ்வாறு சாகின்றன என்பதைக் கந்தோரிலே நாள்தோறும் கண்டவர் எழுதிய கதை இது.

1915இல் வெளிவந்த ‘உருமாற்றம்’ கதையில் கிரெகோர் சம்சா பூச்சியாக மாறிக் கிடக்கும்போதும் நோய்க் காப்புறுதி வைத்தியரையே நினைத்து அஞ்சுகிறான். அந்த வைத்தியருக்கு உலகிலே நோயாளி என்று ஒருவருமில்லை, வேலைக்குக் கள்ளம் செய்யும் ஆரோக்கியசாலிகளே உளர். அமெரிக்காவைக் களமாகக் கொண்ட முற்றுப்பெறாத நாவலிலே, தெரேசா என்னும் பெண் தன் தாய் கட்டிட வேலைத்தலத்தின் சாரத்திலிருந்து விழுந்து இறந்ததைச் சொல்கிறாள். தங்க இடமின்றிக் குளிர் இரவு முழுவதும் குழந்தையோடு அலைந்த பின்னரே அத்தாய் சாரத்தில் ஏறினாள். எந்த அட்டவணை அந்த இரவைக் கணக்கிடும்?

காயமுற்ற தொழிலாளர் தமது நிறுவனத்தைத் தாக்கித் தகர்க்காமல், அங்கு வந்து கெஞ்சி நிற்பதைக் கண்டு காஃப்கா வியந்தார் என்று அவருடைய நண்பர் மக்ஸ் புரோட் பதிவு செய்திருக்கிறார். அவ்வியப்பே ‘சட்டத்தின் முன்’ என்ற சிறு கதையின் திறவுகோல் என்பது எனது துணிபு. நாட்டுப்புறத்தான் ஒருவன் சட்டத்தின் வாசலுக்கு வருகிறான். கதவு திறந்தே இருக்கிறது. காவலன் “இப்போது முடியாது” என்கிறான். அவன் ஆயுள் முழுவதும் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறான். கைப்பொருளையெல்லாம் காவலனுக்குக் கொடுக்கிறான். சாகுந் தறுவாயிலேதான் அவ்வாசல் அவனுக்கென்றே அமைக்கப்பட்டதென அறிகிறான். இதற்குப் பல பொருள் கூறலாம். ஆனால் சட்டப்படி தனக்கே உரிய தொகையைப் பெற, தொப்பியைக் கையிலேந்தி மேசைக்கு மேசை அலைந்த கைமுறிந்த தொழிலாளிக்கு அது புரியாத தத்துவமாய் இருந்திராது. உரிமையாளன் மனுதாரனாக்கப்படும் விந்தையே அக்கதை.

இங்கேதான் காஃப்காவின் எல்லையையும் சுட்ட வேண்டும். அவருடைய நாட்டுப்புறத்தான் தனியனாகவே வருகிறான். ஆனால் அதே ஒஸ்திரியாவில் தொழிலாளர் இயக்கம் போராடி, 1907இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமையோடு தேர்தல் நடக்கச் செய்தது. காப்புறுதி நிறுவனங்களின் நிர்வாக சபையிலும் மூன்றிலொரு பங்கு தொழிலாளரின் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி உரியதாயிருந்தது. வாசலில் பலர் சேர்ந்து நின்ற இவ்வுண்மை அவருடைய கற்பனையில் உருப்பெறவில்லை. லூக்காசின் கண்டனத்தில் நியாயமுள்ள பகுதி இதுவே. எனினும் மனிதனைத் தனியனாக்கும் பொறிமுறையை இத்துணை நுணுக்கமாகக் காட்டியவனை, அப்பொறிமுறையின் நண்பன் என்று கூறுவது தகாது.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் நமது நாட்டின் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது. அதன் அட்டவணையிலும் உடலின் உறுப்புகள் வரிசையாய் நிற்கின்றன. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் காஃப்காவின் கதைகளோடு அந்த 1910ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றியும் மாணவருக்குக் கூறுவாராக. அவர்களுள் சிலர் நாளை மேசைக்கு அப்பால் அமர்வர். பலர் மேசைக்கு முன்னே நிற்பர். முன்னே நிற்பவர், கதவு தமக்கென்றே திறந்திருக்கிறதென்பதை அறிந்திருக்க வேண்டும். தனியே நின்று அனுமதி கேட்பது அதனுள் நுழையும் வழியன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.