வைக்கோல் சுவரும் பாலை வெயிலும்

வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி இருபுறமும் மண்ணோ சுண்ணாம்போ பூசும் முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மரமும் சுவருக்கேற்ற மண்ணும் கிடைக்காத மணற்குன்றுப் பகுதியில் பிறந்தது. ஆர்தர் என்ற சிற்றூரில் 1928இல் அப்படிக் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து இந்தக் கட்டுமுறைக்கு மறுவாழ்வு கொடுத்தவர்களில் அரிசோனா, நியூ மெக்சிகோ பாலைநிலத்துக்காரர்கள் முக்கியமானவர்கள். வெயில் உள்ளே வராது என்றார்கள். உண்மைதான். ஆனால், வெளிச்சூட்டைத் தடுத்துவிட்டால் மட்டும் வீடு குளிர்ந்துவிடாது. இதைக் கவனிக்காமல் விட்டதால்தான் வைக்கோல் சுவருக்கு அளவுமீறிய புகழும் தேவையில்லாத பழியும் சேர்ந்தன.

சுவரின் வெப்பத் தடையை அங்கே ஆர்-மதிப்பு என்ற எண்ணால் சொல்கிறார்கள். எண் கூடினால் தடை கூடும். 1990களின் தொடக்கத்தில் தனிக் கட்டுகளை அளந்து, சுவரின் மதிப்பு 50ஐ ஒட்டி இருக்கும் என்றார்கள். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 1998இல் பூச்சோடு முழுச் சுவரையே சோதித்தபோது கிடைத்தது 27.5. முந்தைய சோதனை ஒன்றில், கட்டுக்கும் அதன்மேல் அடித்த பலகைக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்த சுவர் 17ஐத்தான் தொட்டது. புகழ் பாதியாகிவிட்டதே என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான சுடாத மண்கல் சுவரின் மதிப்பு 4 அளவில்தான். அதன் வழியே 100 பங்கு வெப்பம் நுழைந்தால், 27.5 உள்ள சுவரில் 15 பங்குக்கும் குறைவு. 50 உள்ள சுவரிலும் 8 பங்கு நுழையத்தான் செய்யும். அந்த ஆறேழு பங்குக்காக மல்லுக்கட்டுவதைவிட, கட்டுகளின் இடுக்குகளில் மண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைப்பது மேல்.

அதே பாலையில் மண் வீடுகள் காலங்காலமாகக் குளிர்ச்சியாக இருக்கவில்லையா என்று கேட்பார்கள். இருந்தன, கனத்த சுவர் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடுகிறது. அதற்கு இரவு குளிர வேண்டும். நியூ மெக்சிகோவில் 7,000 அடி உயரத்திலுள்ள சான்டா ஃபேயில் குளிர்கிறது. அரிசோனாவின் பீனிக்ஸில் ஜூலைப் பகல் 41 டிகிரி செல்சியஸைத் தொடும், இரவு 29ஐ ஒட்டியே நிற்கும். நடுவிலுள்ள 35ஐத்தான் மண்சுவர் வீட்டுக்குள் கொண்டுவரும். வைக்கோலுக்கு நேர்மாறான குறை: கனமில்லாததால் சூட்டைத் தேக்காது. ஜன்னல் வழியே வந்த வெயில், அடுப்புச் சூடு, ஆட்களின் சூடு எல்லாம் அறைக்காற்றிலேயே தங்கும். உள்ளே ஓரிரு அங்குலக் களிமண் பூச்சும் கனத்த தரையும் இருந்தால் அவை வாங்கிக்கொள்ளும். குளிரும் ஊரில் இரவு ஜன்னலைத் திறந்து அந்தச் சூட்டை வெளியேற்றலாம். பீனிக்ஸில் ஏசி போட்டே தீர வேண்டும், ஆனால் அதன் வேலை குறையும். உட்புறம் ஜிப்சம் பலகை மட்டும் அடித்த வைக்கோல் வீடு அரைகுறைதான்.

தீப்பற்றும் என்ற பயம் பெரும்பாலும் வீண். இறுக்கிக் கட்டிப் பூசிய சுவரில் காற்றுக்கு வழியில்லை. கட்டும் நாட்களில் சிதறிக் கிடக்கும் கூளம்தான் ஆபத்து. ஈரம் அப்படியல்ல. கட்டின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் மட்கத் தொடங்கும். பாலைதானே என்று இருந்துவிட முடியாது. அரிசோனாவின் டூசானில் கோடைப் பருவமழை காற்றோடு சாய்ந்தடிக்கும். அகலமான இறவாணமும் உயர்ந்த அடித்தளமும் கட்டாயம். சிமென்ட் பூச்சு, விரிசலில் புகுந்த நீரை எளிதில் உலரவிடாது. களிமண்ணும் சுண்ணாம்பும் விடும். இன்னொன்று, கோடை நண்பகல் வெயில் சுவரைவிடக் கூரையில்தான் விழுகிறது. கூரைக்குத் தடையும் மேற்கு ஜன்னலுக்கு நிழலும் கொடுக்காமல் அரை மீட்டர் வைக்கோல் சுவர் எழுப்புவது பண விரயம். பாலையில் வீடு கட்டுபவர் முதலில் அவ்விரண்டுக்கும் பணம் ஒதுக்கட்டும்; அதன் பிறகு வைக்கோல் சுவரைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.