பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு வால்வு

கிட்டாருக்கு வால்வு ஆம்ப் கட்டுவது ஆபத்தான வேலை. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே உலை. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் வால்வு ஓவர்டிரைவ் பெடலில் அந்தப் பயம் இல்லை. குவைத்தின் அஹ்மதி மாகாணத்தில், மங்காஃபின் அடுக்குமாடி ஒன்றில் நாலைந்து பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, பெட்டிமேல் கிட்டாரைச் சாய்த்து வைத்திருக்கும் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பெடல் இருக்க முடியாது. பெரிய ஆம்ப் வைக்க அங்கே இடமும் இல்லை, சத்தமாக வாசிக்க வழியும் இல்லை. ஒரு சால்டரிங் அயர்னும் வெள்ளிக்கிழமை விடுமுறையும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இந்த வகையில் அதிகம் பேர் கட்டிப் பார்த்தது, மாட்சுமின் என்ற பெயரில் அறியப்படும் வடிவமைப்பாளரின் ‘வால்வ்காஸ்டர்’. 12ஏயூ7 வால்வு ஒன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், சில திருகுகள், அவ்வளவுதான் சரக்கு. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு ட்ரையோடுகள் இருப்பதால் முதலாவது கிட்டாரின் ஒலியைப் பெருக்க, இரண்டாவது அதைத் தாங்க மாட்டாமல் மழுங்குகிறது. அந்த மழுங்கல்தான் ஓவர்டிரைவ்.

வால்வு ரசிகர்களில் ஒரு சாரார் இதை ஏற்பதில்லை. 250 வோல்ட்டுக்குச் செய்த வால்வைப் பன்னிரண்டில் பட்டினி போட்டால் அது வால்வு ஒலியே இல்லை என்பது அவர்கள் வாதம். பாதி உண்மைதான். இந்த மின்னழுத்தத்தில் வால்வுக்குள் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம். சிக்னல் கொஞ்சம் ஏறினாலே கிரிட் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் அலையின் மேல்பாதி ஒரு விதமாகவும் கீழ்ப்பாதி வேறு விதமாகவும் மழுங்கும். மார்ஷல் ஆம்ப் முழு மூச்சில் கத்தும் ஒலியை இதில் தேடினால் ஏமாற்றமே. ஆனால் குறைந்த மின்னழுத்த வால்வு ஒன்றும் ஏமாற்று வேலை அல்ல. 1950களின் நடுவில் கார்கள் 12 வோல்ட் பேட்டரிக்கு மாறியபோது, அந்தப் பன்னிரண்டிலேயே நேரடியாக ஓடும் வால்வுகளைக் கார் ரேடியோவுக்கென்றே செய்தார்கள். ஐரோப்பாவின் ஈசிசி86 அப்படிப் பிறந்ததுதான். பி.கே. பட்லரின் ‘டியூப் டிரைவர்’ பெடலும் 12ஏஎக்ஸ்7 வால்வைக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டுகிறது. டேவிட் கில்மரும் எரிக் ஜான்சனும் அதைப் பயன்படுத்தியவர்கள்.

காதுக்கு எப்படி? சிங்கிள் காயில் பிக்கப்பில் ஒலிக்குச் சற்றுச் சதைபிடிப்பு வரும், அவ்வளவே. ஹம்பக்கரில் கெயினை முழுக்கத் திருகினால் கரகரப்பு ஃபஸ் பெடலின் எல்லையைத் தொடும். மெட்டல் வாசிப்பவருக்கு இது போதாது. கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு விலகி ஒலி தெளியும். விரலின் அழுத்தத்துக்கு இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்லும் பெடல்கள் குறைவு. டிரான்சிஸ்டர் ஆம்ப் முன்னால் வைத்தால் நன்றாக எடுபடும். பெடலை நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி ஹெட்ஃபோனில் கேட்டால் காதைக் குத்தும். ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் போலி செய்யும் மென்பொருள் ஒன்றை நடுவில் வைத்தே ஆக வேண்டும். ஃபிளாட்டில் வாசிப்பவர் இதைக் கணக்கில் கொள்வது அவசியம்.

பெரும்பாலோர் சறுக்குவது மின்சாரத்தில். 12ஏயூ7-இன் ஹீட்டருக்கு மட்டும் 12.6 வோல்ட்டில் 150 மில்லிஆம்பியர் வேண்டும். 9 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். பல பெடல் பவர் சப்ளைகள் ஒரு முனைக்கு 100 மில்லிஆம்பியர்தான் தருகின்றன, அதுவும் பற்றாது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போதும். ஆனால் அதன் பின்னில் நடுமுனை பொதுவாகப் பாசிட்டிவ். கிட்டார் பெடல் உலகின் வழக்கமோ நடுமுனை நெகட்டிவ். ஜாக்கை எப்படி இணைத்தோம் என்பதைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டாவிட்டால், பின்னாளில் யாராவது மாற்றிச் செருகுவார்கள். மலிவான அடாப்டரின் இரைச்சலை அடக்க, ப்ளேட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிறு ரெசிஸ்டரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ப்பது நல்லது.

பன்னிரண்டு வோல்ட் கையைச் சுடாது. அடாப்டர் செருகியிருக்கும் சுவரில் இருப்பதோ 240 வோல்ட். 2024 ஜூன் 12 அன்று மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் பற்றிய தீயில் ஏறக்குறைய 50 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், தமிழ்நாட்டவரும் அதில் உண்டு. மின்கசிவே காரணம் என்று குவைத் தீயணைப்புத் துறை அறிவித்தது. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எல்லாவற்றையும் செருகாமல் இருப்பதும், வாசித்து முடித்ததும் அடாப்டரையும் சால்டரிங் அயர்னையும் பிடுங்கிவிடுவதும் கட்டாயம்.

கட்டும்போது இன்னொரு சங்கதி. ப்ளேட் ரெசிஸ்டர்கள் பெரியவை என்பதால் இதன் வெளியீடு பலவீனமானது; நீளமான கேபிளில் கூர்மையான ஒலிகள் கரைந்துபோகும். கடைசியில் எஃப்இடி டிரான்சிஸ்டர் ஒன்றை பஃபராக வைத்தால் அந்தக் குறை தீரும். வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து ஒளிரவிடும் வழக்கத்தைத் தவிர்க்கலாம். ஹீட்டரின் சொந்த வெளிச்சமே போதும், அது வேலை செய்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஈயம் வைக்கவே வராது என்பவருக்கு கோர்க் நிறுவனத்தின் ‘நியூடெக்ட் ஓடி-எஸ்’ கிட் இருக்கிறது. சால்டரிங் தேவையில்லை, பாகங்களைப் பொருத்தினால் போதும். அதிலுள்ள நியூடியூப், கோர்க்கும் நொரிடாகே இட்ரானும் சேர்ந்து 2015இல் அறிமுகப்படுத்திய தட்டையான வால்வு. ஒளிரும் டிஸ்ப்ளேக்களின் தொழில்நுட்பத்தில் செய்தது, மின்சாரம் மிகக் குறைவாகவே குடிக்கும். வசதிக்கு அது, கற்றுக்கொள்ள வால்வ்காஸ்டர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த விமர்சனத்தின் ஓட்டு இரண்டாவதற்கே. சுற்றில் எந்த ரெசிஸ்டரை மாற்றினாலும் காதில் உடனே வித்தியாசம் தெரிகிற வேறு பாடம் கிடைப்பது அரிது.

12ஏயூ7 பழகியபின், பழைய கையிருப்பு விற்பவர்களிடம் 12யூ7 கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். 12 வோல்ட் கார் ரேடியோவுக்கென்றே வந்த வால்வு, அதே சாக்கெட்டில் எந்த மாற்றமும் இல்லாமல் உட்காரும்.