மண்டகப்பட்டுச் செய்யுளும் பூஞ்சேரிப் பெயர்களும்: குடைவரைக் கோயில் மரபு பற்றி ஒரு நோக்கு

தமிழகத்துக் குடைவரைக் கோயில்கள் பற்றி எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு போக்குகள் தெளிவாகப் புலப்படுகின்றன. தூண், போதிகை, வாயிற்காவலர் முதலியவற்றின் அமைதியைக் கொண்டு காலவரிசை வகுப்பது ஒன்று. கோயில்களை அரசரின் கலையுள்ளத்தின் வெளிப்பாடாகப் போற்றுவது மற்றொன்று. முன்னையது இன்றியமையாத பணி. பின்னையது விளக்கந் தருவதிலும் மயக்கந் தருவதே அதிகம். இக்கோயில்களைக் குடைந்தோர் யாவர், அவர்தம் உழைப்பு எங்கே மறைக்கப்பட்டது, எங்கே எஞ்சியுள்ளது என்னும் வினாவை இரு போக்குகளும் பெரும்பாலும் எழுப்புவதில்லை. சாசனமும் ஓர் இலக்கியப் பனுவலே. ஆதலின் அது சொல்வதை மட்டுமன்றிச் சொல்லாது விடுவதையும் கருத்திற் கொள்வது இலக்கிய மாணவராகிய நம் கடனாகும்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையிலுள்ள வடமொழிச் செய்யுள் யாவரும் அறிந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை ஆக்குவித்தான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் என்பது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சி செய்த முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். இச்செய்யுளைத் தமிழகக் கட்டடக்கலையின் திருப்புமுனையாக ஆய்வாளர் கொள்வது பொருத்தமே. ஆயினும் எவை இன்றிச் செய்யப்பட்டது என எண்ணிக் கூறும் செய்யுள், எவரைக் கொண்டு செய்யப்பட்டது என்பதைக் கூறவில்லை.

அன்றியும் உலோகமின்றி என்னுங் கூற்று முடிந்த கோயிலுக்குப் பொருந்துமேயன்றி அதனை ஆக்கிய தொழிலுக்குப் பொருந்தாது. இரும்புளியின்றி இவ்வன்பாறையை இவ்வாறு குடைதல் இயலாது. மழுங்கிய உளியை மீண்டும் மீண்டும் உலையிலிட்டுக் கூராக்கக் கொல்லன் வேண்டும். உலைக்குக் கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். செய்யுள் விலக்கிய உலோகமும் மரமும் உழைப்பின் வழியாக மண்டகப்பட்டினுள் நுழைந்தே இருந்தன. உழைப்பை நீக்கிப் பார்க்கும் கண்ணுக்கே அவை புலப்படாது போயின.

அத்தொழில் எவ்வாறு நடைபெற்றது என்பதை மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நின்ற குடைவரைகள் காட்டுகின்றன. பாறைமுகத்தைச் சமப்படுத்திச் சதுரங்களாக வகுத்து, கோடுகள் வழியே ஆழமான பள்ளங்கள் வெட்டி, இடையே புடைத்து நின்ற பகுதிகளைத் தகர்த்து, இவ்வாறே படிப்படியாக உள்நோக்கிச் சென்றனர். தூண்களுக்குரிய கல் அகற்றப்படாது விடப்பட்டது. கட்டட வேலையிற் பிழைபட்ட கல்லை மாற்றலாம். குடைவரையில் வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே, முழுத்திட்டமும் முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். வேலைப்பிரிவினையும் ஒழுங்கும் நிலைபெற்றிருத்தல் வேண்டும். முற்றுப்பெற்ற கோயில் தன் உழைப்பை மறைக்கின்றது. முற்றுப்பெறாததோ அதனை வெளிப்படுத்துகின்றது.

கோயிலின் வடிவமும் இதற்குச் சான்று பகரும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் என இன்று வழங்கும் ஒற்றைக்கற்கோயில் கூரை வேய்ந்த குடிலின் உருவினது. ஏனைய இரதங்களிலும் கபோதமும் கூடும் சாலையும் மரவேலையிலும் கூரைவேய்தலிலும் தோன்றிய உறுப்புகளின் கல்வடிவங்களே. மரமின்றிச் செய்தோம் எனப் பெருமை கொண்ட மரபு, மரத்தச்சர் தலைமுறைகளாக வளர்த்த வடிவறிவின் மேலேயே நின்றது.

இவ்வளவு உழைப்பை ஊட்டிய உபரி எங்கிருந்து வந்தது? மகேந்திரவாடிக் குடைவரைச் சாசனம் விடை தருகின்றது. அங்குத் திருமாலுக்குரிய கோயில் மகேந்திர தடாகம் என்னும் ஏரியின் கரையிலமைந்ததாகக் கூறப்படுகின்றது. கோயிலும் ஏரியும் ஒரே அரசனின் பெயரைத் தாங்கி அருகருகே நிற்பது தற்செயலன்று. நீர்ப்பாசனம் பெருக்கிய வேளாண்மை உபரியே கல்லிற் கோயிலாயிற்று. செங்கற்பட்டை அடுத்த வல்லத்துத் தமிழ்ச்சாசனம் மேலும் நுணுகி நோக்கத்தக்கது. தேவகுலத்தைச் செய்வித்த கந்தசேனனின் தந்தை வயந்தப்பிரியர் அதில் மகேந்திரனின் ‘அடியான்’ எனப்படுகிறார். இறைவனை நோக்கிப் பக்தி இலக்கியம் பயன்படுத்திய அதே சொல் இங்கு அரசனை நோக்கி வழங்குகின்றது. நாயன்மார் இயக்கத்தை நிலவுடைமை வர்க்கத்தின் எழுச்சியோடு தொடர்புபடுத்திப் பேராசிரியர் க. கைலாசபதி ‘பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966) என்னும் நூலில் விளக்கியமைக்கு இச்சொல் கல்லிற் பொறித்த துணைச்சான்று எனலாம்.

நம்மிற் பலர் மாமல்லபுரத்தை முதன்முதலில் அறிந்தது கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ வாயிலாகவே. 1944இல் தொடராக வெளிவரத் தொடங்கிய அந்நாவல் தமிழ் வாசகரிடையே பழங்கலையின்பால் ஆர்வத்தைத் தூண்டியமை மறுக்கற்பாலதன்று. ஆனால் அதன் ஆயனர் அஜந்தா வண்ணத்தின் இரகசியத்தைத் தேடித் தவிக்கும் தனிமேதை. அரசன் அவரது அருமையறிந்த இரசிகன். கலை என்பது இவ்விருவரின் உள்ளங்களுக்கிடையே நிகழும் உறவாகிவிடுகின்றது. உலைக்களமும் கல்லுடைப்பும் அவ்வுறவுக்குப் பின்னணியாகவே மங்குகின்றன. மண்டகப்பட்டுச் செய்யுளின் மௌனம் நவீன நாவலிலும் தொடர்கின்றது என்பதே எமது விமரிசனம்.

எனினும், மறைக்கப்பட்டது முற்றாக மறைந்துவிடவில்லை. மாமல்லபுரத்துக்கு அணித்தான பூஞ்சேரியில் ஒரு பாறைமேற் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. இவை சிற்பப் பணியிலீடுபட்டோரின் பெயர்கள் என ஆய்வாளர் கருதுவர். அரசனைப் போற்றும் செய்யுள் இல்லை, விருதுகள் இல்லை. பெயர் மட்டுமே உண்டு. உளியைக் கூராக்கும் இனத்தவனாகிய கொல்லனும் அவற்றிடையே இடம்பெறுவது ஈண்டு மனங்கொளத்தக்கது. அதேவேளை ‘பெருந்தச்சன்’ என்னும் பெயர் உழைப்போரிடையேயும் படிநிலை நிலவியமையை உணர்த்துகின்றது. கல்லைச் சுமந்தகற்றியோர்க்கு இப்பாறையிலும் இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தெற்கே பாண்டிநாட்டுக் கழுகுமலையில் முற்றுப்பெறாத ஒற்றைக்கற்கோயிலை மக்கள் அரசன் பெயரால் அழைக்கவில்லை. வெட்டுவான் கோயில் என்றே அழைக்கின்றனர். தந்தையும் மகனுமாகிய இரு சிற்பியரின் போட்டியும் மகனின் சாவும் பற்றிய கதை அதனோடு வழங்கிவருகின்றது. கதை வரலாறன்று. ஆனால் சாசனம் கைவிட்ட தொழிலாளியை வாய்மொழி மரபு நினைவில் வைத்திருந்தது என்பது வரலாற்றுண்மையாகும்.

மாமல்லபுரம் 1984இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மரபுரிமை என்னுஞ் சொல்லில் உரிமை எவருடையது? இக்கோயில்களை ஆளும்வர்க்கக் கருவிகள் எனக் கூறி ஒதுக்குவது இயந்திரப்பாங்கான மார்க்சியம். அது உழைப்போரின் சாதனையை அரசனுக்கே விட்டுக்கொடுப்பதாகும். அரசனின் பெருமையாக மட்டும் போற்றுவதும் அதே விளைவையே தரும். மண்டகப்பட்டுச் செய்யுளைப் பூஞ்சேரிப் பெயர்களோடு சேர்த்துப் படிக்குமிடத்தே இம்மரபு முழுமை பெறுகின்றது. நம் பாடநூல்கள் முன்னதை அச்சிடுகின்றன. பின்னதையும் அதனருகே அச்சிடல் வேண்டும்.