கல்லறையைச் சூழ்ந்து நின்றோர்: டாரியோ ஃபோவின் தனிநபர் நாடகம் பற்றி

லாசருவை இயேசு உயிரோடெழுப்பிய நிகழ்ச்சியைக் குறித்து அருளுரை ஆற்றாத போதகர் நம்மில் இலர். அடக்க ஆராதனைகளில் யோவான் 11ஆம் அதிகாரத்தையே பெரிதும் நாடுகிறோம். ஆயினும், அன்று அக்கல்லறையருகே கூடி நின்ற மக்களைக் குறித்து நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அவர்களையே தம் நாடகத்தின் கருப்பொருளாக்கிய ஒரு கலைஞரின் படைப்பை ஈண்டு ஆராய விழைகிறோம்.

இத்தாலிய நாடகாசிரியரும் நடிகருமான டாரியோ ஃபோ (1926–2016) ‘மிஸ்தெரோ புஃப்போ’ என்னும் தொகுப்பை 1969இல் அரங்கேற்றினார். ‘நகைச்சுவை மறைநாடகம்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். திரையில்லை, ஒப்பனையில்லை, கருநிற உடையணிந்த ஒரே நடிகர் வெற்று மேடையில் நின்று எல்லாப் பாத்திரங்களுமாக மாறுகிறார். தனியொருவராய் அரசனாகவும் ஆண்டியாகவும் மாறும் கதாகாலட்சேபக் கலைஞரை அறிந்த நமக்கு இம்முறை புதிதன்று. எழுதிய உரை இருந்தும் ஃபோ அதற்குள் அடங்கி நிற்பதில்லை. அன்றைய செய்திகளை முன்னுரையில் இழுத்து வருவார். அவையோரின் முகக் குறிப்பறிந்து காட்சியை நீட்டுவார், குறுக்குவார்.

லாசருவின் காட்சியில் ஏறத்தாழ 15 பேராக அவர் மாறுகிறார். கல்லறைத் தோட்டக் காவலன் நுழைவுக் கட்டணம் கேட்கிறான். ஒருவன் நாற்காலிகளை வாடகைக்கு விடுகிறான். மற்றொருவன் மீன் விற்கிறான். அற்புதம் நடக்குமா நடக்காதா என்று பந்தயம் கட்டுவோரும் உளர். இயேசுவாக ஃபோ நடிப்பதில்லை. அவர் செய்வதைக் கூட்டத்தார் வாயிலாகவே அறிகிறோம். தோளின் ஒரு திருப்பம், கழுத்தின் ஒரு நீட்சி ஆகியவற்றாலேயே ஓர் ஆள் மறைந்து மற்றோர் ஆள் தோன்றுகிறார். ஈற்றில் லாசரு எழுந்துவிடுகிறார். அனைவரும் வியந்து நிற்கும் அக்கணத்தில் ஒருவனுடைய பணப்பை களவு போகிறது!

1977இல் இந்நாடகம் இத்தாலியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, இது தேவதூஷணம் என வத்திக்கான் கடுமையாகக் கண்டித்தது. லாசருவின் காட்சியைப் பொறுத்தவரை இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஃபோ அற்புதத்தை மறுக்கவில்லை. மரித்தவர் மெய்யாகவே எழுகிறார். நகைப்புக்கு உள்ளாவது ஆண்டவர் அல்லர். அவர் செயலை வேடிக்கையாகப் பார்க்க வந்த கூட்டமே. அக்கூட்டத்தைக் கண்டு சிரிக்கும் அவையோரும் காட்சி காண வந்து அமர்ந்தவர்களே அன்றோ? எனவே அச்சிரிப்பு சிரிப்பவரையே வந்து சுடுகிறது.

எனினும், தொகுப்பு முழுவதும் இத்தகைய உயர்வுடையதன்று. எட்டாம் போனிபாஸ் என்னும் போப்பரசரைப் பற்றிய காட்சியில், கனத்த அங்கிகளை ஒவ்வொன்றாக அணியும் அவருடைய செருக்கை வெறுங்கைகளாலேயே ஃபோ காட்டும் திறம் வியப்புக்குரியது. பின்னர் போப்பரசர் சிலுவை சுமந்து செல்லும் கிறிஸ்துவைச் சந்தித்துப் போலித் தாழ்மை காட்டுகிறார். கிறிஸ்து அவரை உதைத்துத் தள்ளுகிறார். போலித்தனத்தைச் சாடுவது தவறன்று. தீர்க்கதரிசிகளும் அதைச் செய்தனர். ஆனால் ஃபோ பெரும்பாலும் நடித்துக் காட்டியது தொழிலாளர் மன்றங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூடிய இடதுசாரி மக்கள் முன்னிலையில். போப்பரசரைக் கண்டு சிரிக்க அவர்கள் எதையும் இழக்க வேண்டியதில்லை. அங்கே சிரிப்பு பிறர்மேல் பாய்ந்து நின்றுவிடுகிறது; அவையோர் வந்தபடியே வீடு திரும்புகின்றனர். தம்மைத் துன்புறுத்தினோருக்காக வேண்டிக்கொண்ட ஆண்டவரை அந்த உதையில் நாம் காண முடியவில்லை.

இங்கேதான் இக்கலையின் ஆற்றலும் ஆபத்தும் ஒருங்கே விளங்குகின்றன. மேடையில் தனித்து நின்று, அவையோரின் முகம் பார்த்து அவ்வப்போது சொல்லைப் படைப்பவனுக்கு அவர்கள் சிரிப்பே வழிகாட்டி. அது அவனை உண்மைக்கும் இட்டுச் செல்லும். அவர்கள் ஏற்கெனவே விரும்பியதற்கும் இழுத்துச் செல்லும். அவனைத் தடுத்து நிறுத்தச் சக நடிகர் எவரும் அங்கில்லை.

பிரசங்க பீடத்தில் நிற்கும் நமக்கும் இந்நிலை பொருந்துவதன்றோ? நாமும் தனித்து நிற்கிறோம். பரிசேயனாகவும் ஆயக்காரனாகவும் குரல் மாற்றிப் பேசுகிறோம். சபையார் தலையசைக்கும் பக்கம் நம் சொல் தானே சாய்கிறது. பரிசேயனை நாம் பழிக்கும்போது சபையார் மகிழ்வது, அவன் தங்களுள் ஒருவன் அல்லன் என்று அவர்கள் எண்ணுவதால் அன்றோ? நாமும் அவ்வாறே எண்ணியன்றோ பேசுகிறோம்?

ஃபோவுக்கு 1997இல் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அவருடைய அரசியலை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும், இறையியல் மாணவர்கள் லாசருவின் காட்சியை ஒருமுறையேனும் ஊன்றிக் காண்பார்களாக. அடுத்த முறை அப்பகுதியைப் பிரசங்கிக்கும்போது, நாற்காலி வாடகைக்கு எடுத்து அமர்ந்திருப்போருள் தாங்களும் உளரோ என்று அவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்வார்கள்.