ஐவாஸோவ்ஸ்கியின் கடல்

கடலைப் பாராமலே கடலைத் தீட்டியவர் ஐவாஸோவ்ஸ்கி என்றால் வாசகர் வியப்புறலாம். கருங்கடற்கரை ஊராகிய ஃபியதோஸியாவில் 1817-இல் ஆர்மீனியக் குடும்பமொன்றில் பிறந்து, 1900-இல் அங்கேயே மறைந்த அவ்வோவியர், அலையின்முன் அமர்ந்து வரைந்தவரல்லர். நீரும் மின்னலும் தூரிகைக்காகக் காத்திரா என்பது அவர் கொள்கை. கண்டதை நெஞ்சில் ஏற்றி, பின்னர் ஓவியக் கூடத்தில் தீட்டினார். அலையை அரபியில் 'மவ்ஜ்' என்பர். கொந்தளித்தல் என்னும் வினையிலிருந்தே அச்சொல் வருகிறது. நிறுத்தி வரைந்தால் அலை நீர்க்குன்றாகிவிடும்.

உஸ்மானிய சுல்தான் அப்துல் அஜீஸ் அவரிடம் பல படங்கள் வரைவித்தார். 1890-களில் ஆர்மீனியர் கொல்லப்பட்டபின், உஸ்மானியர் அளித்த பதக்கங்களை ஓவியர் கடலில் எறிந்தார் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அவருக்குப் பெரும்புகழ் தந்தது 1850-இல் தீட்டிய 'ஒன்பதாம் அலை'. உடைந்த பாய்மரத்தைப் பற்றியவாறு சிலர், அப்பால் விடியல். மனம் இளகத்தான் செய்கிறது. எனினும் கண் அம்மனிதரிடமே தங்கிவிடுகிறது. கடல் அவர்தம் கதைக்குப் பின்திரையாகிவிடுகிறது என்பதே நம் குறை.

எண்பது வயதில், 1898-இல், தீட்டிய 'அலைகளினூடே' இதனினும் உயர்ந்தது என்போம். நான்கு மீட்டருக்கு மேற்பட்ட அகலம். கலமில்லை, கரையில்லை, ஆளில்லை. இருண்ட வானிலிருந்து ஓர் ஒளிக்கீற்று இறங்கி அலைக்குழியில் விழ, நீர் பச்சையும் நீலமுமாய்க் கண்ணாடிபோல் துலங்குகிறது. உயிருருவங்கள்முன் தயங்கும் நம்மவரும் இதன்முன் தயங்க வேண்டியதில்லை. அஞ்சுவதற்கு அங்கே எவரும் வரையப்படவில்லை. அச்சம் காண்போருக்கே வருகிறது. இப்படத்தை அவர் பிறந்த ஊருக்கே விட்டுச் சென்றார்.